உங்களுக்குத் தெரியுமா? லிமிட் ஹோல்டமில் எப்போது ரெய்ஸ், எதற்காக ரெய்ஸ்

போக்கர் என்றதும் சில்லுகளை மொத்தமாக மேசை நடுவே தள்ளும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். லிமிட் ஹோல்டமில் அதற்கு இடமே இல்லை. எவ்வளவு ஏற்றலாம் என்பதை விதி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பெரிய தொகையைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு ரெய்ஸுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணங்களில் பல, நாம் முதலில் நினைப்பதற்கு நேர் எதிரானவை.

● இந்தத் துணுக்குகள் முழுக்க ஒரே மேசை: 10/20 டாலர். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், அது ஃப்ளாப். பிறகு ஒன்று, அது டர்ன். கடைசி ஒன்று ரிவர். பந்தயச் சுற்று நான்கு. பெட் என்பது சுற்றின் முதல் பந்தயம், ரெய்ஸ் என்பது அதன்மேல் ஏற்றுவது. முதல் இரண்டு சுற்றில் பெட்டும் ரெய்ஸும் 10 டாலர், அடுத்த இரண்டில் 20. டீலர் பட்டனுக்கு அடுத்துள்ள இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே 5 டாலரும் 10 டாலரும் வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். நடுவில் குவியும் பணம் பாட்.

● ஒரு சுற்றில் எத்தனை முறை ஏற்றலாம்? பெரும்பாலான சூதாட்ட விடுதிகளில் ஒரு பெட், அதன்மேல் மூன்று ரெய்ஸ். சில இடங்களில் நான்கு. அதற்குமேல் கால் செய்யலாம், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடரலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகிவிடலாம். ஆட்டத்தில் இரண்டே பேர் மிஞ்சினால் பல விடுதிகள் இந்த வரம்பை எடுத்துவிடும்.

● லிமிட் ஹோல்டமைத் தொழிலாக ஆடியவர்களிடையே பழைய அளவுகோல் ஒன்று உண்டு: மணிக்கு ஒரு பெரிய பெட் சம்பாதித்தால் நல்ல ஆட்டக்காரர். நம் மேசையில் அது மணிக்கு 20 டாலர். அப்படியானால் ரிவரில் யோசிக்காமல் போட்ட ஒரே ஒரு வீண் ரெய்ஸ், ஒரு மணி நேரச் சம்பளத்தைத் தின்றுவிடும். போட்டிருக்க வேண்டிய ரெய்ஸைப் போடாமல் விட்டாலும் நஷ்டம் அதே அளவுதான். ஆனால் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் வாழ்நாள் முழுக்க அதைத் திருத்திக்கொள்வதில்லை.

● ஹோல்டம் பிறந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007இல் தீர்மானம் போட்டு அங்கீகரித்திருக்கிறது. லாஸ் வேகாஸுக்கு அதைக் கொண்டுபோனவர் கார்க்கி மெக்கார்க்கடேல். 1963, கலிஃபோர்னியா கிளப்.

● டாயில் பிரன்சன் தொகுத்த ‘சூப்பர் சிஸ்டம்’ நூலைப் போக்கர்காரர்கள் வேதம்போல் பேசுவார்கள். அதில் லிமிட் ஹோல்டம் பகுதியை எழுதியவர் பிரன்சன் அல்ல, 1978 உலகப் போக்கர் சாம்பியன் பாபி பால்ட்வின். லாஸ் வேகாஸ் பெலாஜியோ விடுதியில் பெரும்புள்ளிகள் ஆடிய அறைக்குப் ‘பாபியின் அறை’ என்று பெயர் வந்தது இவரால்தான்.

● இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. வந்துவிட்டால், ‘ரெய்ஸ் பண்ணி எல்லோரையும் விரட்டு, கூட்டம் கூடினால் ஏஸ் தோற்கும்’ என்பார்கள். பாதி உண்மை. எதிரில் ஒரே ஒருவர், அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால் ஏஸ் ஜோடி ஜெயிப்பது 85 சதவீதம். எதிரில் ஒன்பது பேர் என்றால் 31 சதவீதம்தான். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பணத்தைக் கணக்குப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஆளுக்கு 20 டாலர் வைத்து, மேற்கொண்டு பந்தயமே இல்லாமல் ஐந்து சீட்டையும் திறந்தால் என்ன ஆகும்? ஒருவர் எதிரில்: பாட் 40, உங்கள் பங்கு 34, லாபம் 14. ஒன்பது பேர் எதிரில்: பாட் 200, உங்கள் பங்கு 62, லாபம் 42. தோற்கும் தடவைகள் கூடுகின்றன, லாபம் மூன்று மடங்காகிறது. ஏஸுக்கு ரெய்ஸ் போடுவது யாரையும் விரட்டுவதற்காக அல்ல. வருகிறவர்கள் கூடுதல் கட்டணம் கட்டிவிட்டு வரட்டும் என்பதற்காக. ஆறு பேர் வந்து அதில் ஒருவர் ஏஸை உடைத்துவிட்டால், ‘யாருமே போகவில்லையே, எதற்கு ரெய்ஸ்’ என்று புலம்புவது மேசைதோறும் கேட்கும் பாட்டு.

● ஏஸும் ராஜாவும் கையில் இருந்தால் ஃப்ளாப்பில் ஜோடி சேராமல் போவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை. பிறகு எதற்கு முதல் சுற்றிலேயே ரெய்ஸ்? எதிரில் ஏஸ்-ராணி, ஏஸ்-பத்து, ராஜா-ஜாக் வைத்திருப்பவர்களும் ஆசையோடு கால் போடுவார்கள் என்பதால். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி இரண்டும் மோதினால் நான்கில் மூன்று முறை ராஜா பக்கம் ஜெயிக்கிறது. அந்தக் காலில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

● பட்டனில், அதாவது டீலர் இடத்தில், நீங்கள். உங்களுக்கு முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் இருப்பது பிளைண்டின் 15 டாலர் மட்டும். 20 டாலர் வைத்து ரெய்ஸ் செய்தால், இருவரும் கவிழ்க்கும் வாய்ப்பு 57 சதவீதத்தைத் தாண்டினாலே சீட்டைப் பார்க்காமல்கூட லாபம். கூடவே ஒரு சலுகை: ஃப்ளாப் திறக்காத ஆட்டத்தில் பெரும்பாலான விடுதிகள் தங்கள் பங்கை எடுப்பதில்லை.

● அதே ரெய்ஸைப் பெரிய பிளைண்டில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டில் 35 டாலர், நீங்கள் கட்ட வேண்டியது இன்னும் 10. மூன்றரைக்கு ஒன்று. 22, 23 சதவீதம் ஜெயித்தாலே கட்டுபடியாகும் விலை இது. அதனால்தான் லிமிட் ஆட்டத்தில் பெரிய பிளைண்ட் சுலபத்தில் ஓடுவதில்லை. சிறிய பிளைண்டைத்தான் விரட்டலாம். திருட நினைக்கும் கைகளில் பாதி இங்கே மாட்டிக்கொள்கின்றன.

● ஒருவர் ரெய்ஸ் போட்டுவிட்டார், அடுத்து நீங்கள், கையில் ஒன்பது ஜோடி. கால் செய்வது பத்திரம் என்று தோன்றும். மறுரெய்ஸ்தான் பல நேரங்களில் நல்லது. இப்போது பெரிய பிளைண்ட் உள்ளே வர 20 டாலர், சிறிய பிளைண்ட் 25 டாலர் கட்ட வேண்டும். இருவரும் விலகினால் சொந்தக்காரர் இல்லாத 15 டாலர் பாட்டில் கிடக்கிறது, எதிரில் ஒரே ஒருவர், அவருக்குப் பின்னால் பேசும் இடம் உங்களுக்கு. மூன்றுமே சின்னச் சின்ன அனுகூலம். மூன்றும் சேர்ந்தால் 10 டாலருக்கு மேல் மதிப்பு. நான்கைந்து பேர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள் என்றால் இந்தக் காரணமே செல்லாது. அங்கே சிறிய ஜோடிக்கு வேலை, ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைக்குமா என்று மலிவாகப் பார்ப்பதுதான். அது கிடைப்பது ஏழரைக்கு ஒன்று.

● ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இன்னும் சேரவில்லை, வெறும் நான்கு ஹார்ட்டின்தான். ஜோடிகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு, லாபத்துக்காகவே ரெய்ஸ் போடலாம் என்று தெரியுமா? இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லிமிட் ஹோல்டமின் ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஃப்ளாப் திறந்தபின் நீங்கள் பார்க்காத சீட்டு 47, அதில் ஹார்ட்டின் 9. அடுத்த இரண்டு சீட்டுக்குள் ஒன்றாவது வருவது 35 சதவீதம். ஐந்து பேர் ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்றால், உள்ளே வரும் ஒவ்வொரு 50 டாலரிலும் நீங்கள் போடுவது 10. உங்கள் பங்கு 17 டாலர் 50 சென்ட். கையில் ஒன்றுமே சேராத நிலையிலும் ஒவ்வொரு ரெய்ஸும் ஏழரை டாலர் தருகிறது. எதிரில் ஒரே ஒருவர் இருந்தால்? 20 டாலரில் உங்கள் பங்கு 7. பத்து போட்டு ஏழு வாங்குவது யாருக்கு வேண்டும்? மேசையில் ஜோடி விழுந்து ஃப்ளஷ்ஷே தோற்பது, இதைவிடப் பெரிய ஃப்ளஷ் எதிரே இருப்பது என்று சில கழிவுகள் உண்டு. அவற்றைக் கழித்தாலும் திசை மாறாது.

ஆக, இங்கே உங்களுக்கு ஆட்கள் வேண்டும். அதனால் பெட் போட்டவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்கள் சீட்டைவிட முக்கியமாகிறது. உங்களுக்குச் சற்று முன் பேசுபவர் பெட் போட்டு, மற்ற மூவர் உங்களுக்குப் பின்னால் காத்திருந்தால், ரெய்ஸ் போட்டவுடன் அவர்கள் ஓடிவிடுவார்கள். கால் போதும். உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் பெட் போட்டு, அது மேசையைச் சுற்றி மூன்று காலோடு உங்களிடம் வந்தால், தயங்காமல் ஏற்றுங்கள். ஏற்கெனவே பத்து கட்டியவர் இன்னொரு பத்துக்காகக் கவிழ்க்க மாட்டார்.

● அதே நான்கு ஹார்ட்டின், இம்முறை எதிரில் ஒருவர் அல்லது இருவர்தான், நீங்கள் கடைசியாகப் பேசுபவர். இப்போதும் ரெய்ஸ் போடலாம், காரணம் வேறு. ஃப்ளாப்பில் 20 டாலர் கட்டி ரெய்ஸ் செய்கிறீர்கள். பயந்த எதிராளி டர்னில் செக் செய்கிறார், அதாவது பெட் போடாமல் விடுகிறார். ஹார்ட்டின் விழவில்லை என்றால் நீங்களும் செக்; ரிவரை இலவசமாகப் பார்க்கிறீர்கள். சும்மா கால் செய்திருந்தால் ஃப்ளாப்பில் 10, டர்னில் 20, ஆக 30 போயிருக்கும். ரெய்ஸ் போட்டுச் செலவைக் குறைப்பது! டர்னில் பெட் இரட்டிப்பாகிறது என்ற விதி இல்லையென்றால் இந்தத் தந்திரமே பிறந்திருக்காது.

● இந்த இலவசச் சீட்டுத் தந்திரத்துக்கு மருந்தும் எளிது: எதிராளி ஃப்ளாப்பிலேயே மறுரெய்ஸ் போடலாம், அல்லது டர்னில் தயங்காமல் பெட் போடலாம். அப்போது உங்கள் சிக்கனம் தண்டச் செலவாகிறது. முப்பது வருடமாக எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் தந்திரத்தை அனுபவசாலியிடம் காட்டுவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். மேசையில் மூன்று ஹார்ட்டின் வரும்வரை அவர் காத்திருக்க மாட்டார்.

● ‘செமி-பிளஃப்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. இப்போது பின்தங்கி இருந்தாலும், அடுத்த சீட்டில் முந்த வாய்ப்புள்ள கையோடு ஏற்றுவது. எதிராளி கவிழ்த்தால் அப்போதே வெற்றி. கவிழ்க்காவிட்டால் சீட்டு வந்து காப்பாற்றலாம். இரண்டு வழியும் தனித்தனியாகப் போதாது, சேர்ந்தால் போதும்.

● ஒரு கேள்வி. ஆறு பேர் 20 டாலர் வீதம் கட்டி ஃப்ளாப் பார்க்கிறார்கள். பாட் 120, விலகிய சிறிய பிளைண்டின் 5 டாலரை மறந்துவிடுவோம். நீங்கள் பெரிய பிளைண்டில், ஃப்ளாப்பின் உயர்ந்த சீட்டோடு ஜோடி சேர்ந்திருக்கிறது. முதலில் பேச வேண்டியவர் நீங்கள். பெட் போடுவீர்களா?

பெரும்பாலானவர்கள் போடுவார்கள், ‘கையைக் காப்பாற்ற’. ஆனால் 10 டாலர் பெட்டில் எதுவும் காப்பாற்றப்படுவதில்லை. பாட் 130 ஆகிறது, அடுத்தவர் 10 கட்டினால் போதும், பதிமூன்றுக்கு ஒன்று. ஸ்ட்ரெய்ட்டின் (வரிசையான ஐந்து எண்) நடுவில் ஒரே ஓர் எண் தேவைப்படுபவருக்கு உதவும் சீட்டு நான்கு. அவருக்கு வேண்டிய விலை ஏறத்தாழ பத்தே முக்காலுக்கு ஒன்று. அவர் சரியாகவே கால் செய்கிறார். கீழ் ஜோடிக்காரருக்கு உதவும் சீட்டு ஐந்து, அவருக்கு எட்டரைக்கு ஒன்று போதும். அவரும் சரி.

இப்போது செக் செய்யுங்கள். முதல் சுற்றில் ரெய்ஸ் போட்டவர் பட்டனில் இருக்கிறார், எல்லோரும் செக் செய்தால் அவர் பெட் போடுவது அநேகமாக உறுதி. போடுகிறார். உங்கள் முறை வருகிறது: ரெய்ஸ். பாட் 150, நடுவில் உள்ள நால்வரும் 20 கட்ட வேண்டும். ஏழரைக்கு ஒன்று. மேலே சொன்ன இருவருக்கும் இப்போது விலை கட்டாது. பின்னால் கிடைக்கக்கூடிய பணத்தைச் சேர்த்தால் கொஞ்சம் இளகும். இருந்தாலும் விலகினால் உங்களுக்கு நல்லது, விலகாமல் கட்டினால் அந்தத் தப்பில் உங்களுக்கு வரும்படி. இத்தனைக்கும் உங்கள் சீட்டு மாறவில்லை, பெட்டின் அளவு மாறவில்லை. பெட் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது மட்டுமே மாறியது.

பட்டன்காரரும் செக் செய்துவிட்டால்? ஐந்து பேருக்கு இலவசச் சீட்டு. அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் அவரைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

● பின்தங்கி இருக்கிறோம் என்று தெரிந்தே ரெய்ஸ் போடும் இடமும் உண்டு. டர்ன். பாட்டில் 200 டாலர், அதாவது பத்து பெரிய பெட். உங்களுக்கு முன்னால் உள்ளவர் பெட் போடுகிறார், அவர் எதையும் வைத்து அடிக்கும் சுபாவக்காரர். பின்னால் இருவர். உங்கள் கை நடுத்தரம். ஜெயிக்கும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வைப்போம். ரெய்ஸ் போட்டுப் பின்னால் உள்ள இருவரை விலக்கினால் அது 30 ஆகிறது. பத்துப் பெட்டில் பத்து சதவீதம் ஒரு பெட். அதிகம் கட்டிய 20 டாலர் அங்கேயே திரும்பிவிட்டது. அந்த 20இலும் ஒரு பங்கு உங்களுடையது.

பாட் சிறியதாக இருந்தால் இதே ரெய்ஸ் முட்டாள்தனம். பாட்டின் அளவைப் பார்க்காமல் ‘இந்தச் சீட்டுக்கு ரெய்ஸ் போடலாமா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

● ஃப்ளாப்பில் ஒரே எண் மூன்று சேர்ந்துவிட்டது. உடனே ஏற்றினால் எதிராளியிடம் கூடுதலாகக் கிடைப்பது 10. டர்ன்வரை பொறுத்தால் 20. பொறுமைக்கு இரட்டிப்புக் கூலி. பாட் சின்னது, எதிரிகள் ஓரிருவர், மேசையில் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் பயம் இல்லை என்றால் மட்டும். பாட் வீங்கிவிட்ட ஆட்டத்தில் காத்திருப்பது கஞ்சத்தனம்.

● ‘அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ரெய்ஸ் போட்டேன்’ என்பவர்கள் ஒவ்வொரு மேசையிலும் உண்டு. பழைய நூல்கள் சிலவும் இதை ஒரு காரணமாகப் பட்டியலிட்டன. என் கணக்கில் இது காரணங்களிலேயே சொத்தை. காசு கொடுத்து வாங்கிய தகவல் பொய்யாகவும் இருக்கலாம். மறுரெய்ஸ் போடுபவர் நான்கு ஹார்ட்டின்காரராக இருந்தால் உங்களுக்குத் தெரிந்தது என்ன? வேறு நல்ல காரணத்துக்காகப் போட்ட ரெய்ஸில் தகவலும் கிடைத்தால் சரி, வாங்கிக்கொள்ளலாம்.

● ‘உங்கள் இருபதைக் கால் செய்கிறேன்... அதற்கு மேல் இன்னொரு இருபது!’ வசனத்துக்கு நன்றாக இருக்கும். நிஜ மேசையில் டீலர் அதைக் கால் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘கால்’ என்று சொன்னதும் பேச்சு முடிந்தது. சில்லுகளை இரண்டு தவணையாக நகர்த்தினாலும் அதே கதி. இதற்கு ‘ஸ்ட்ரிங் ரெய்ஸ்’ என்று பெயர். எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் குறும்பைத் தடுக்கத்தான் இந்த விதி.

● கையில் இருக்கும் கடைசிச் சில்லுகளை எல்லாம் வைத்தும் முழு ரெய்ஸுக்குப் போதவில்லை என்றால்? பரவலாக உள்ள லிமிட் விதிப்படி, கூடுதல் தொகை அரைப் பெட்டுக்குக் குறைவென்றால் அதை ரெய்ஸாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஏற்கெனவே பேசியவர்கள் அதைச் சாக்காக வைத்து மறுபடி ஏற்ற முடியாது. பாதியோ அதற்கு மேலோ என்றால் முழு ரெய்ஸ் போலத்தான்.

● ரிவரில் வருவதற்கு இனிச் சீட்டு இல்லை. காப்பாற்றுவது, இலவசச் சீட்டு, செமி-பிளஃப் எல்லாம் காலாவதி. இரண்டே கேள்வி மிச்சம்: என்னைவிடக் கீழான கை கால் செய்யுமா? என்னைவிட மேலான கை கவிழ்க்குமா? கடைசியாகப் பேசும் நீங்கள், எதிராளியின் 20 டாலர் பெட்டின்மேல் ஏற்ற, நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ஜெயிக்க வேண்டும். எந்த நூறில்? அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அவர் வைத்திருக்கக்கூடிய எல்லாக் கையிலும் அல்ல, உங்கள் ரெய்ஸுக்குப் பணம் கட்டக்கூடிய கைகளில். பத்தில் எட்டு முறை நீங்கள் முன்னால் இருக்கலாம். அந்த எட்டும் ரெய்ஸைப் பார்த்ததும் ஓடிவிட்டால், உங்களுக்குக் கால் போடுபவை மிச்சம் இரண்டு மட்டும்தான். அவர் மறுரெய்ஸ் போடும் வாய்ப்பையும் சேர்த்தால் ஐம்பது போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும்.

● ரிவரில் வெறுங்கையோடு ரெய்ஸ் போட்டுப் பயமுறுத்துவது? பாட் 160, அவர் 20 பெட் போட்டதும் 180. நீங்கள் 40 வைக்கிறீர்கள். பதினொன்றில் இரண்டு முறை பலித்தால் போதும் என்று கணக்குச் சொல்கிறது, மலிவாகத் தெரிகிறது. அவர் பக்கம் பாருங்கள்: இன்னும் 20 கட்டினால் 220 கிடைக்கலாம். பன்னிரண்டில் ஒரு முறை நீங்கள் பொய் சொன்னாலே அவருக்குக் கட்டுபடியாகும். சின்ன ஜோடியைக்கூட யாரும் கவிழ்க்க மாட்டார்கள். ஃப்ளஷ்ஷோ ஸ்ட்ரெய்ட்டோ சேராமல் போய், வெறுங்கையோடு பெட் போட்டவர் மட்டுமே விலகுவார்.

● 1990களில் அமெரிக்க விடுதிகளில் ஹோல்டம் என்றால் பெரும்பாலும் லிமிட்தான். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத்தில் நடந்த சிறு போட்டி வழியாக நுழைந்து உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அது நோ-லிமிட், ஏற்றும் தொகைக்கு வரம்பில்லாத ஆட்டம். தொலைக்காட்சி அதைக் காட்டக் காட்ட, லிமிட் மேசைகள் சுருங்கின.

● டல்லாஸ் வங்கி அதிபர் ஆண்டி பீல், எண் கணிதத்தில் தன் பெயரால் ஒரு புதிரை முன்வைத்து 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்திருப்பவர். லாஸ் வேகாஸின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் லிமிட் ஹோல்டமில் மோத அழைத்தார். பந்தயம் பெரிதானால் அவர்கள் கை நடுங்கும் என்பது அவர் எண்ணம். 2004இல் 1 லட்சம்/2 லட்சம் டாலர் மேசைவரை அது போனது. தனித்தனியாகத் தாங்க முடியாமல் டாயில் பிரன்சன், சிப் ரீஸ், ஜெனிஃபர் ஹார்மன் முதலானோர் பணத்தைக் கூட்டாகப் போட்டு, முறைவைத்து ஆடினார்கள். 2006 பிப்ரவரியில் அவர்களில் ஒருவரான பில் ஐவி மூன்று நாளில் பீலிடமிருந்து ஏறத்தாழ 1 கோடியே 66 லட்சம் டாலர் வென்றார். நம் மேசையின் அதே கணக்குதான்; சுழி மட்டும் நான்கு கூடுதல்.

● தமிழ்நாட்டில் இணைய ரம்மி, போக்கர் பற்றி 2022இல் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, இவ்விரண்டையும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்தது. இங்கே சொன்ன கணக்குகளைச் சோதிக்கக் காசு தேவையில்லை. புளியங்கொட்டை போதும்.

● கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘போலாரிஸ்’ என்ற நிரல், 2007இல் வான்கூவரில் பில் லாக், அலி எஸ்லாமி என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் லிமிட் ஹோல்டம் ஆடி மயிரிழையில் தோற்றது. சீட்டு அதிர்ஷ்டத்தைக் கழிக்க ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: ஓர் அறையில் மனிதருக்குப் போன சீட்டு, இன்னோர் அறையில் அப்படியே நிரலுக்குப் போகும். அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் போலாரிஸ் ஜெயித்தது.

● 2015 ஜனவரியில் அதே குழு ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது: இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் தீர்க்கப்பட்டுவிட்டது. நிரலின் பெயர் செஃபியஸ். 4,800 செயலிகள் 68 நாட்களுக்கு மேல் தனக்குத்தானே ஆடி, ஒவ்வொரு முடிவுக்கும் ‘வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று கணக்கெடுத்துத் திருத்திக்கொண்டே போயின. ஒருவர் நாளுக்கு 12 மணி நேரம், மணிக்கு 200 ஆட்டம், 70 வருடம் விடாமல் ஆடினாலும் செஃபியஸ் குறையற்றதல்ல என்று நிரூபிக்க முடியாத அளவுக்கு அது முழுமைக்கு நெருக்கம். ரெய்ஸின் அளவும் எண்ணிக்கையும் விதியால் கட்டப்பட்டிருப்பதால்தான் இது சாத்தியமானது; நோ-லிமிட்டில் முடிவெடுக்கும் இடங்களின் எண்ணிக்கையை எழுத 160 சுழிகள் வேண்டும்.

● ரெய்ஸ் பற்றி செஃபியஸ் என்ன சொல்கிறது? பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிவந்த ஒன்றை ஆமோதிக்கிறது: இருவர் ஆட்டத்தில் முதலில் பேசும் டீலர் (பட்டனில் இருக்கும் ஆட்டக்காரர்), வெறும் கால் போட்டு நுழைவது ஏறக்குறைய ஒருபோதும் இல்லை. ரெய்ஸ் அல்லது கவிழ்ப்பு. இன்னொன்றில் அவர்களை மறுக்கிறது: எதிர்ப்பக்கம் இருப்பவர் பலர் நினைப்பதைவிட அதிகக் கைகளை ஆடலாம், மூன்று ஜோடி, நான்கு ஜோடி போன்ற சின்னக் கைகளோடும் மறுரெய்ஸ் போடலாம்.

ஆச்சரியம் இதற்குப் பிறகு. முதல் சுற்றில் அனுமதிக்கப்பட்ட கடைசி ரெய்ஸ்வரை டீலர் போவது, கையில் ஏஸ் ஜோடியே இருந்தாலும், பத்தாயிரத்தில் ஒரு முறை அளவில்தான். உச்சம்வரை ஏற்றினால் ‘என்னிடம் பெரிய சீட்டு இருக்கிறது’ என்று அறிவித்ததாகிவிடும். பத்து டாலரை விட்டுக்கொடுத்து, செஃபியஸ் ஏஸை மற்ற கைகளோடு கலந்து மறைக்கிறது. பலர் எதிரில் இருக்கும் மேசையில் இந்தத் தயக்கம் தேவையில்லை. அங்கே ஒன்பது பேர் கட்டும் கட்டணம், மறைப்பதால் வரும் லாபத்தை மிஞ்சும். அதே ஆராய்ச்சி இன்னொன்றுக்கும் விலை குறித்திருக்கிறது: இருவரும் குறையில்லாமல் ஆடினாலும் டீலர் பக்கத்துக்கு ஓர் ஆட்டத்துக்குப் பெரிய பிளைண்டில் ஆயிரத்தில் 88 பங்கு லாபம் உண்டு. நம் 10/20 மேசையில் அது ஏறக்குறைய 88 சென்ட்.